ஷீனிகே பிளாட்டே அல்பைன் தோட்டம்: ஒரு தாவரவியலாளரின் வாழ்நாள் உழைப்பைத் தாங்கி நிற்கும் மலைச்சரிவு

சுவிற்சர்லாந்தின் இன்டர்லாகன் நகருக்குத் தெற்கே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1970 மீற்றர் உயரத்தில் அமைந்திருக்கும் ஷீனிகே பிளாட்டே அல்பைன் தோட்டம் அளவில் பெரியதன்று. பாத்தி பாத்தியாகப் பூத்துக் குலுங்கும் பூங்காவை எதிர்பார்த்து வருபவர், சரிவை ஒருமுறை சுற்றிவிட்டு, எதிரே நிமிர்ந்து நிற்கும் ஐகர், மோங்க், யுங்ஃபிராவ் சிகரங்களைப் படம்பிடித்துக்கொண்டு அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம். அப்படித் திரும்பிப் போகிறவர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. மலைத் தாவரங்கள் எங்கே வளர்கின்றன, ஏன் அங்கே வளர்கின்றன, எவற்றோடு சேர்ந்து வளர்கின்றன என்ற கேள்விகளுக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாகத் தேடிச் சேர்த்த விடைகள் அந்தச் சிறிய சரிவில் நடப்பட்டிருக்கின்றன. அந்தத் தேடலின் தொடக்கத்தில் வேர்னர் லூடி (1888–1968) என்ற சுவிஸ் தாவரவியலாளர் இருக்கிறார். அவர் என்ன செய்தார் என்பதைச் சிறிதளவேனும் அறிந்துகொண்டு உள்ளே நுழைபவருக்கு இத்தோட்டம் கொடுப்பதை, ஐரோப்பாவில் நான் பார்த்த வேறு எந்தத் தாவரத் தோட்டமும் கொடுத்ததில்லை.

முதலில் தோட்டத்தின் அமைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதன் தனிச்சிறப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. பெரும்பாலான தாவரத் தோட்டங்கள் செடிகளைக் குடும்ப வாரியாகவோ, அவை வந்த நாட்டின் வாரியாகவோ பிரித்து வைக்கின்றன. பிரான்சின் லோத்தாரே கணவாயில், 2100 மீற்றர் உயரத்தில் 1899ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட புகழ்பெற்ற தோட்டத்தில் இமயமலைச் செடிகள் ஓரிடத்திலும் காக்கேசியச் செடிகள் ஓரிடத்திலும் ரொக்கி மலைச் செடிகள் இன்னோரிடத்திலுமாக உலகின் மலைகள் அடுத்தடுத்து நிற்கும். அதுவும் பார்க்கத் தகுந்த இடமே. ஷீனிகே பிளாட்டேயை உருவாக்கியவர்கள் வேறு வழியைத் தேர்ந்தார்கள். 1927இல் இதற்கென ஒரு சங்கம் அமைத்து, 1929இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட இத்தோட்டத்தில், சுவிஸ் மலைகளில் இயல்பாக வளரும் தாவரங்களை மட்டும், அவை இயற்கையில் எந்தக் கூட்டத்தில் வாழ்கின்றனவோ அந்தக் கூட்டமாகவே வைத்தார்கள். மரங்கள் வளரக்கூடிய உயர எல்லையான மரவரம்புக்கு மேலே வளரும் சுவிஸ் தாவர இனங்களில் பெரும்பகுதி, சுமார் 800 வரையான இனங்கள், இங்கே இருக்கின்றன. சுண்ணாம்புப் பாறைச் சரிவின் புல்வெளி ஒரு பகுதி. பனி தாமதமாக உருகும் பள்ளம் ஒரு பகுதி. கற்சரளை, உயர்ந்த பூண்டுகள் (மென்தண்டுச் செடிகள்) அடர்ந்த ஈரநிலம், குறும்புதர்க் காடு, மாடுகள் தங்கிச் சாணமிட்ட மேடு என ஒவ்வொன்றும் தன் மண்ணோடும் தன் அயலாரோடும் இருக்கிறது. ஒரு செடியைத் தனியே நிறுத்திப் பெயர் சொல்லும் தோட்டத்தில் அதன் அழகைக் காணலாம். அதன் வாழ்வைக் காண்பதற்கு அதைச் சுற்றி நிற்பவையும் தெரிய வேண்டும்.

தோட்டத்துக்குப் போகும் வழியே ஒரு முன்னுரை போன்றது என்பதால், தொடருந்தில் ஏறியவுடன் கைப்பேசியை எடுத்துவிட வேண்டாம் என்று குடும்பத்தோடு போகிறவர்களை வேண்டிக்கொள்கிறேன். வில்டர்ஸ்வில் நிலையத்திலிருந்து புறப்படும் பற்சக்கரத் தொடருந்து 1893ஆம் ஆண்டு முதல் ஓடுகிறது. 1914இல் அது மின்மயமானது. 584 மீற்றர் உயரத்தில் தொடங்கி 1967 மீற்றர் வரை, ஏழேகால் கிலோமீற்றர் நீளப் பாதையை ஏறி முடிக்க ஐம்பது நிமிடங்களுக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொள்கிறது. சில இடங்களில் நூறு மீற்றருக்கு இருபத்தைந்து மீற்றர் என்ற அளவுக்கு ஏற்றம் இருக்கும். இந்த மெதுவான ஏற்றத்தில் பீச் முதலான அகன்ற இலை மரங்கள் மெல்ல மெல்லக் குறைந்து, ஊசியிலை மரங்களான ஸ்புரூஸ் ஆட்சிக்கு வந்து, பிறகு அவையும் குட்டையாகிச் சிதறி, இறுதியில் திறந்த மேய்ச்சல் நிலம் வருவதைச் சாளரத்தின் வழியே காணலாம். சமவெளியில் ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் வடக்கே பயணம் செய்தால்தான் காணக்கூடிய மாற்றத்தை மலை ஒரு மணி நேரத்துக்குள் காட்டிவிடுகிறது. மரங்கள் ஏன் ஒரு கோட்டுக்கு மேல் நின்றுபோகின்றன என்பதைப் பற்றி நீண்டகாலம் ஆராய்ந்த பாசல் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியன் கோர்னர், வளரும் பருவத்தின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 6 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும் இடத்தில்தான் உலகின் பெரும்பாலான மலைகளில் மரவரம்பு அமைகிறது என்று காட்டினார். உயர்ந்து நிற்கும் மரம் காற்றின் குளிரை முழுவதுமாக வாங்கிக்கொள்கிறது. தரையோடு ஒட்டிக் கிடக்கும் செடி வெயில் நாளில் காற்றைவிடப் பல பாகை வெப்பமான ஓர் உலகத்தைத் தனக்கென வைத்துக்கொள்கிறது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால், தோட்டத்தில் காணும் குட்டையான செடிகள் வறுமையால் குட்டையானவை அல்ல என்பது உடனே விளங்கும்.

உள்ளே சென்றதும் பெரும்பாலானோர் தேடுவது எடெல்வைஸ் மலரைத்தான். அது இருக்கிறது, வெண்மையான மென்மயிர் போர்த்திய அதன் நட்சத்திர வடிவத்தைப் பார்க்க எல்லோரும் குனிகிறார்கள். அந்த மயிர் செடியின் நீரிழப்பைக் குறைப்பதோடு, உயரத்தில் கடுமையாக விழும் புற ஊதாக் கதிரையும் தடுக்கிறது. நான் வழக்கமாக அங்கிருந்து சீக்கிரம் நகர்ந்து, இரண்டு அல்ப்ஸ் ரோஜாக்களிடம் போய்விடுவேன். ரோஜா என்று இங்கே அழைக்கப்பட்டாலும் இரண்டும் ரோடோடென்ட்ரான் பேரினத்தைச் சேர்ந்த முழங்கால் உயரப் புதர்கள். இலங்கையின் ஹோட்டன் சமவெளியில் செந்நிறமாகப் பூத்து நிற்கும் ரோடோடென்ட்ரான் மரத்தைப் பார்த்து வளர்ந்த மலையகத்தவர்களுக்கு இந்த உறவு மிக நெருக்கமாகவே தோன்றும். இரண்டில் ஒன்றின் இலை விளிம்பில் மயிர் நீட்டிக்கொண்டிருக்கும். அது சுண்ணாம்பு நிலத்துக்குரியது. மற்றதன் இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறம் துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் இருக்கும். அது அமிலத்தன்மை கொண்ட மண்ணுக்குரியது. நீல ஜென்ஷியன் மலர்களிலும் இதே போன்ற ஓர் இணை உண்டு. சுண்ணாம்பில் வளரும் இனத்தின் பூக்குழாய் உட்புறம் பெரும்பாலும் நீலமாகவே இருக்க, அமில மண்ணில் வளரும் இனத்தின் பூவுக்குள் பச்சைக் கோடுகள் ஓடும்.

ஒரே மலையில், ஒரே உயரத்தில், ஒரே மழையை வாங்கிக்கொண்டு வாழும் இரண்டு நெருங்கிய உறவினங்கள் பாறையின் அடிப்படையில் நிலத்தைப் பங்கிட்டுக்கொள்வது ஏன்? சுண்ணாம்பு மண்ணில் இரும்பும் பொசுபரசும் வேருக்கு எளிதில் கிடைப்பதில்லை. அமில மண்ணிலோ அலுமினியம் கரைந்து வேருக்கு நஞ்சாகிறது. ஒரு துன்பத்தைத் தாங்கப் பழகிய இனம் மற்றத் துன்பத்தின் முன் தோற்றுவிடுகிறது. இதைவிட நுட்பமான செய்தி ஒன்றும் இங்கே இருக்கிறது. சுண்ணாம்புப் பாறையின் மேல் நெடுங்காலம் இலைச்சருகு மக்காமல் சேர்ந்து, கறுத்த புளித்த மண்படை ஒன்று உருவாகிவிட்டால், வேர் பாறையைத் தொடாத காரணத்தால் அமில மண்ணை விரும்பும் அல்ப்ஸ் ரோஜாவே அங்கே குடியேறிவிடும். ஆகவே பாறையைப் பார்த்துச் செடியைச் சொல்லிவிடலாம் என்பது பாதி உண்மை. அந்தப் பாறையின் மேல் எத்தனை காலம் கழிந்திருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். காலத்தைக் கேட்கும் இந்தப் பழக்கமே லூடியின் வாழ்நாள் பணிக்கு அடித்தளமாக இருந்தது.

தோட்டத்தின் மேற்பகுதியிலிருந்து பார்த்தால் லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கு தெரியும். இருபுறமும் செங்குத்தாக இறங்கும் பாறைச் சுவர்களும் அருவிகளும் கொண்ட அந்தப் பள்ளத்தாக்கை இன்று ஆயிரக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கிறார்கள். லூடி அதை அடிவாரக் காட்டிலிருந்து பனிப்பாறையின் விளிம்புவரை தாவரக் கூட்டம் தாவரக் கூட்டமாக ஆராய்ந்து, 1921ஆம் ஆண்டு பெரிய ஆய்வேடாக வெளியிட்டார். அக்காலத்தில் தாவரக் கூட்டங்களை வகைப்படுத்திப் பெயரிடும் ஆர்வம் ஐரோப்பாவில் பெருகிக்கொண்டிருந்தது. லூடியின் ஆய்வு அத்தோடு நிற்கவில்லை. ஒரு கூட்டம் இன்னொரு கூட்டமாக எப்படி மாறுகிறது, வெறும் கற்குவியலில் முதலில் வந்து அமர்வது யார், அவரை அகற்றிவிட்டு அடுத்து வருவது யார், இறுதியில் நிலைத்திருப்பது யார் என்ற வரிசையை அவர் தேடினார். ஒரு மனிதரின் ஆயுளைவிட நீண்ட காலம் எடுக்கும் மாற்றங்களை ஆராய்வதற்கு அவருக்கு இரண்டு வழிகள் இருந்தன: வெவ்வேறு வயதுடைய நிலங்களை ஒப்பிடுவது, அல்லது ஒரே நிலத்தைக் குறித்து வைத்துத் திரும்பத் திரும்ப வந்து பார்ப்பது. இரண்டையும் அவர் செய்தார்.

முதல் வழிக்கு அல்ப்ஸின் மிக நீண்ட பனிப்பாறையான அலெட்ச் அவருக்கு உதவியது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மிகப் பெரிதாக இருந்த அந்தப் பனிப்பாறை சுருங்கத் தொடங்கியபோது, அதன் இருமருங்கிலும் கல்லும் மண்ணுமாகக் கரைகள் வெளிப்பட்டன. எந்தக் கரை எப்போது பனியிலிருந்து விடுபட்டது என்பது தெரிந்தால், அதில் நிற்கும் தாவரங்களின் வயதும் தெரிந்துவிடும். அந்தக் கரைகளில் செடிகள் குடியேறிய வரிசையை ஆராய்ந்து 1945இல் அவர் வெளியிட்டார். தோட்டத்தின் கற்சரளைப் பகுதியைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும். கல் உருண்டால் தானும் புரண்டு, முறிந்த இடத்திலிருந்து மீண்டும் வேர்விட்டு, நீளமான வேர்களால் சரளையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிப்போடும் செடிகள்தாம் அங்கே நிற்கின்றன. அவை மண்ணைச் சேர்த்துக் கொடுத்த பிறகே புல் வருகிறது, புல்லுக்குப் பின் புதர் வருகிறது, உயரம் அனுமதித்தால் லார்ச் மரமும் வருகிறது.

சூரிச்சில் தாவரவியலாளர் எடுவார்ட் ரூபெல் நிறுவியிருந்த, தாவரங்கள் எங்கே, ஏன் வளர்கின்றன என்பதை ஆராயும் புவித்தாவரவியல் ஆய்வு நிலையத்தின் பொறுப்பை 1931ஆம் ஆண்டு லூடி ஏற்றார். அந்நிலையம் 1958இல் சூரிச் கூட்டாட்சித் தொழில்நுட்ப நிறுவனத்திடம் ஒப்படைக்கப்படும்வரை அங்கே இருந்தார். அவரது அக்கறை மலையோடு முடிந்துவிடவில்லை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு மட்டும் சொல்லலாம். பீல், நொயன்பூர்க், மூர்ட்டன் ஏரிகளுக்கிடையே இருந்த பரந்த சதுப்பு நிலம் எப்படி உருவானது என்பதை அதன் கரிமண்ணில் புதைந்திருந்த மகரந்தத்தின் துணைகொண்டு ஆராய்ந்து 1935இல் வெளியிட்டவரும் அவரே. வடிகால் வெட்டி வயலாக்கப்பட்ட அந்த நிலத்தில்தான் இன்று சுவிற்சர்லாந்தில் வாழும் நம் சமையலறைக்கு வரும் சுவிஸ் மரக்கறிகளில் பெருமளவு விளைகிறது.

ஷீனிகே பிளாட்டேயோடு அவர் பெயரை என்றென்றைக்குமாக இணைத்தது தோட்டத்தை அண்டிய மேய்ச்சல் நிலத்தில் அவர் தொடங்கிய சோதனை. அல்ப்ஸ் மலைகளில் கோடையில் மாடுகளை மேலே ஏற்றி மேய்த்துப் பாற்கட்டி செய்யும் வழக்கம் பல நூற்றாண்டுகள் பழமையானது. மலைவாழ் விவசாயக் குடும்பங்களின் பிழைப்பு அந்தச் சில மாதப் புல்லில் தங்கியிருந்தது. ஆனால் நெடுங்காலம் மேய்ந்து, திருப்பி ஒன்றும் கொடுக்கப்படாத அமில மண்ணில் நார்டஸ் என்ற விறைப்பான புல் பரவிவிடும். கம்பிபோல் முறுக்கிய அதன் இலையை மாடுகள் இளம் தளிராக இருக்கும்போது மட்டும் கடித்துவிட்டுப் பிறகு ஒதுக்கிவிடுகின்றன. சுவையான புற்களை மாடுகளே தின்று தீர்க்க, ஒதுக்கப்பட்ட நார்டஸ் மேலும் பரவுகிறது. இந்த நிலத்தை மீட்க முடியுமா என்பதே லூடியின் கேள்வி. 1930களின் தொடக்கத்தில் நார்டஸ் புல்வெளியைச் சிறு சிறு பாத்திகளாக அளந்து பிரித்து, சிலவற்றுக்கு நைதரசன், பொசுபரசு, பொட்டாசியம் உரங்களைத் தனியாகவும் சேர்த்தும் இட்டு, சிலவற்றுக்குச் சுண்ணாம்பைத் தூவி, சிலவற்றை ஒன்றும் செய்யாமல் விட்டு, ஒவ்வொரு பாத்தியிலும் எந்தச் செடி எவ்வளவு இருக்கிறது என்று அவர் பதிந்துகொண்டே வந்தார். விவசாயிக்குப் பயன்படும் விடையை அவர் தேடினார் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மலைத் தாவரவியல் என்பது பூவை ரசிப்பவரின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள்.

உரமிடுவதும் சுண்ணாம்பு தூவுவதும் சில ஆண்டுகளில் நின்றுபோயின. சோதனை அத்தோடு முடிந்திருந்தால் அது மலை விவசாயத்தைப் பற்றிய பல அறிக்கைகளில் ஒன்றாக அடுக்கில் தூங்கியிருக்கும். அப்படி நடக்காததற்குக் காரணம், பாத்திகளின் எல்லைகளும் பதிவேடுகளும் காப்பாற்றப்பட்டதுதான். பேர்ண் பல்கலைக்கழகத்தின் தாவரவியலாளர் ஓட்டோ ஹெக், லூடிக்குப் பின்னர் அந்தப் பாத்திகளைத் தொடர்ந்து ஆராய்ந்தார். சுவிற்சர்லாந்தில் பாதுகாக்கப்பட வேண்டிய தாவரக் கூட்டங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பதைக் காட்டும் நிலப்படத் தொகுப்பை 1993இல் இன்னும் இருவருடன் சேர்ந்து உருவாக்கியவரும் அவரே. பிறகு இன்னொரு தலைமுறை ஆய்வாளர்கள் ஹெக்குடன் சேர்ந்து பாத்திகளை மறுபடி அளந்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். சுண்ணாம்பு தூவி ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழிந்த பின்னும், அந்தப் பாத்திகளின் மண் அருகிலுள்ள பாத்திகளின் மண்ணைவிட அமிலம் குறைந்ததாகவே இருந்தது. மேலே வளர்ந்த செடிகளின் கலவையும், மண்ணுக்குள் வாழும் நுண்ணுயிர்களின் கலவையும்கூட வேறுபட்டே இருந்தன.

இதை வாசித்துவிட்டு அந்த மேய்ச்சல் நிலத்தின் ஓரமாக நடப்பது வேறு விதமான அனுபவம். சமவெளி வயலில் சுண்ணாம்பின் விளைவு சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும் என்பதால் விவசாயி திரும்பத் திரும்ப இடுகிறார். மலையில் குளிரும் குறுகிய கோடையும் எல்லாவற்றையும் மெதுவாக்கிவிடுகின்றன. மக்குவது மெதுவாக நடக்கிறது, வளர்வது மெதுவாக நடக்கிறது, பழைய நிலைக்குத் திரும்புவதும் அவ்வாறே. சுவிஸ் மலைகளின் அமிலப் புல்வெளியில் நிறைந்திருக்கும் வளைந்த இலைக் கோரை ஒன்றை ஃபூர்க்கா கணவாயருகே மரபணு முறையில் ஆராய்ந்தபோது, ஒரே விதையிலிருந்து பக்கவாட்டில் பரவிய ஒரே செடி ஏறத்தாழ 2000 ஆண்டுகள் வயதுடையதாக இருக்கக்கூடும் என்று கணக்கிட்டார்கள். இப்படிப்பட்ட நிலத்தில் பனிச்சறுக்குப் பாதைக்காக ஒரு சரிவை இயந்திரத்தால் மட்டப்படுத்துவதும், ஒரு மேய்ச்சல் நிலத்துக்கு அளவுக்கு மீறி உரம் கொட்டுவதும், அவற்றைச் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அழியாத தடங்களை விட்டுப்போகும். இதை ஒரு பேச்சாளர் மேடையில் சொல்லிக் கேட்பதைவிட, அளந்து பிரித்த பாத்திகளின் வழியே லூடியும் ஹெக்கும் காட்டியதையே நான் நம்புகிறேன். அந்தப் பாத்திகள் காட்சிக்காக அமைக்கப்பட்டவை அல்ல. புகழ்பெற்ற சோதனை என்று கேள்விப்பட்டுப் புல்வெளிக்குள் இறங்கி மிதித்துத் தேட வேண்டாம்.

மாடுகள் தங்கும் மேட்டின் தாவரங்களையும் தவறவிடக் கூடாது. அகன்ற இலைகளைக் கொண்ட மலைச் சுக்கான் கீரை வகை அங்கே அடர்ந்து நிற்கும். அழகு என்று சொல்ல அதில் அதிகமில்லை. குழந்தைகள் நிற்காமல் கடந்துவிடுகிறார்கள். ஆனால் மாடுகள் இரவில் கூடித் தங்கிய இடத்தில் சாணத்தோடு சேர்ந்த நைதரசனை உண்டு வளரும் அந்தச் செடி, மாட்டுக்கொட்டில் கைவிடப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆன பின்னும் அதே இடத்தில் நிற்கிறது. மலையில் நடக்கும்போது இந்தக் கீரையைக் கண்டால், ஒரு காலத்தில் அங்கே இடையர்கள் இருந்தார்கள் என்று கொள்ளலாம். அருகில் பனிப்பள்ளத் தாவரங்களைப் பார்க்கும்போது கண்ணைத் தரைக்கு மிக அருகே கொண்டுபோக வேண்டும். ஆண்டில் இரண்டு மூன்று மாதங்கள் மட்டுமே பனி விலகும் பள்ளங்களில், மரத்தண்டை மண்ணுக்குள் புதைத்து, சில இலைகளையும் சிறு பூங்கதிரையும் மட்டும் வெளியே நீட்டும் வில்லோ இனங்கள் இருக்கின்றன. சில சென்ரிமீற்றர் உயரமே கொண்ட இவையும் ஆற்றங்கரையில் ஓங்கி வளரும் வில்லோ மரங்களின் நெருங்கிய உறவினர்தாம்.

இவை அனைத்தும் இன்று வெப்பமடையும் உலகத்தில் என்ன ஆகப்போகின்றன என்ற கேள்வி தோட்டத்தில் நடக்கும் எவருக்கும் வரும். இதற்கும் பழைய தாவரவியலாளர்கள் எழுதி வைத்த பட்டியல்களே விடை தருகின்றன. 3400 மீற்றருக்கு மேல் உயர்ந்த பிட்ஸ் லினார்ட் சிகரத்தில் 1835ஆம் ஆண்டு சுவிஸ் தாவரவியலாளர் ஒஸ்வால்ட் ஹேர் ஏறியபோது உச்சியில் ஒரே ஒரு பூக்கும் தாவர இனத்தைத்தான் கண்டார். 2011இல் அங்கே 16 இனங்கள் இருந்தன. ஐரோப்பாவின் 302 சிகரங்களின் பழைய பதிவுகளையும் புதிய பதிவுகளையும் ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வு, உச்சிகளில் இனங்களின் எண்ணிக்கை கூடும் வேகம் அண்மைய பத்தாண்டில் அரை நூற்றாண்டுக்கு முன்பிருந்ததைவிட ஐந்து மடங்காகியிருக்கிறது என்று காட்டியது. எண்ணிக்கை கூடுவதைக் கேட்டு மகிழ்ந்துவிட முடியாது. கீழிருந்து ஏறி வருபவை வேகமாக வளரும் உயரமான இனங்கள். மேலே ஏற்கெனவே இருந்த குட்டையான இனங்களுக்கு உச்சிக்கு மேல் போக இடமில்லை. ஷீனிகே பிளாட்டே தோட்டமும் மரவரம்பை ஒட்டியே இருக்கிறது. மாடுகளை விலக்கி வேலியிட்ட இடத்தில் புதர்கள் புகுந்து புல்வெளியை மூடிவிடாதபடி வெட்டிக் களையெடுத்துக் காப்பது தோட்டத்தில் வேலை செய்பவர்களின் ஓயாத பணி. அவர்களிடம் கேள்வி கேட்டபோது கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு விளக்கமாகப் பதில் சொன்னார்கள். அந்தப் பொறுமைக்காகவே நான் இதை மற்றவர்களுக்கும் பரிந்துரைக்கத் தயங்குவதில்லை.

போக விரும்புவோருக்குச் சில நடைமுறைச் செய்திகள். தொடருந்தும் தோட்டமும் கோடைப் பருவத்தில் மட்டுமே, பொதுவாக ஜூன் மாதத்திலிருந்து ஒக்டோபர் வரை இயங்கும். பனி எப்போது உருகுகிறது என்பதைப் பொறுத்துத் தொடக்க நாள் மாறும். ஜூன் இறுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதிவரை புல்வெளிகள் உச்சத்தில் இருக்கும். ஓகஸ்டில் உயர்ந்த பூண்டுகளின் பகுதி நன்றாக இருக்கும், ஆனால் ஜென்ஷியன் மலர்களின் பெரிய நீலக் குழாய்களைப் பெரும்பாலும் தவறவிட்டுவிடுவீர்கள். தொடருந்துக் கட்டணம் மலிவானதன்று. அரைக்கட்டண அட்டை வைத்திருப்பவர்கள் மறக்காமல் எடுத்துச் செல்ல வேண்டும். கீழே வெயில் கொளுத்தும் நாளிலும் மேலே முகில் இறங்கினால் குளிரத் தொடங்கிவிடும், ஆகவே கம்பளிச் சட்டை வேண்டும். தோட்டத்தின் பாதைகளில் சரிவுகளும் படிகளும் உள்ளதால் முழங்கால் வலியுள்ள முதியவர்கள் தடியுடன் வருவது நல்லது. அவர்களுக்குக் கீழ்ப்பகுதியைச் சுற்றிப் பார்ப்பதே போதுமான நிறைவைத் தரும். உணவகம் நிலையத்தருகே இருக்கிறது. பூக்களைப் பறிப்பது கூடாது என்பதை ஊரிலிருந்து வரும் விருந்தினர்களுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் உறவினர்களை யுங்ஃபிராவ் கணவாய்க்கு அழைத்துச் சென்று பனியைக் காட்டிவிட்டுத் திருப்பி அனுப்புவது நம்மவர்களின் வழக்கமாகிவிட்டது. 3454 மீற்றர் உயரத்துப் பனியைப் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பயணத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியையும், இன்னொரு நாளையும், இத்தோட்டத்துக்கு ஒதுக்குங்கள் என்றே கேட்கிறேன். உயிரியல் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், புறப்படுவதற்கு முன் அவர்களிடம் இரண்டு அல்ப்ஸ் ரோஜாக்களைப் பற்றியும், எழுபது ஆண்டு நிலைத்த சுண்ணாம்பைப் பற்றியும் பேசிவையுங்கள். கையில் ஒரு சிறு உருப்பெருக்கியும் குறிப்பேடும் கொடுத்து, பெயர்ப்பலகையைப் படிப்பதற்கு முன் செடியின் இலையையும், அது நிற்கும் மண்ணையும், பக்கத்தில் நிற்கும் செடிகளையும் எழுதச் சொல்லுங்கள். அதிகாலைத் தொடருந்தில் போனால் கூட்டம் குறைவாக இருக்கும். தோட்டத்தை முடித்துக்கொண்டு டவுபெ காட்சிமுனைவரை நடந்து இன்டர்லாகனின் இருபுறமும் உள்ள இரண்டு ஏரிகளையும் பார்த்துவிட்டு வர நேரமும் கிடைக்கும். கீழே இறங்கும் கடைசித் தொடருந்தின் நேரத்தை மட்டும் ஏறும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அது மாலையில் நீங்கள் நினைப்பதைவிட முன்னதாகவே புறப்பட்டுவிடும்.